சாம்பல் நரியின் கடைசித் தாள்

கொஞ்சம் அந்தப் புத்தகத்த மூடுங்க தம்பி. பாதியில நிறுத்தச் சொல்றானேன்னு கோவிச்சுக்கிடாதீக. பக்கத்துல உக்காந்து அந்த அட்டையப் பாத்துக்கிட்டே வர என்னால முடியல.

'சாம்பல் நரி' படக்கதை, முதல் மூணு பாகமும் ஒரே தொகுப்பு. அட்டை என்ன கனம், தாள் என்ன வழவழப்பு. எங்க காலத்துல உள்ளங்கை அகலம்தான் இருக்கும். சாணித்தாள்ல அச்சடிச்சு நடுவுல ரெண்டு பின்னு அடிச்சிருப்பாக. கெட்டவனுக்குக் கெட்டவன், நல்லவனுக்கும் கெட்டவன், அப்படி ஒருத்தன் கதாநாயகனா வந்தது எங்களுக்கு அதுதான் மொதத் தடவை. எங்க இறங்குறீக? திருவேங்கடமா? நானும் அங்கதான். இன்னும் முக்கா மணி நேரம் இருக்கு.

எந்த எடத்துல இருக்கீக? மோர்ட்டனுக்கு ரெண்டாவது உறை வந்திருச்சா? அப்பச் சரி. அதுக்கு மேல இப்பப் படிக்காதீக. நான் சொல்லி முடிச்ச பெறகு படிங்க. முடிவு தெரியாத ஆளுகிட்டதான் இத நான் சொல்ல முடியும்.

என் பேரு ஆவுடையப்பன். சிவகாசிதான். இப்ப ரிட்டயர் ஆகி வீட்டுல சும்மா கெடக்கேன். எனக்கு ஒரு அண்ணன் இருந்தான், அய்யாத்துரைன்னு. வெடி ஆலையில மருந்து கலக்குற வேலை. ஆலைப் பேரு எதுக்கு, அது மூடி எத்தனையோ வருசமாச்சு. நான் அப்பக் காலேஜுல ரெண்டாவது வருசம். மதுரையில ஒரு வேலைக்கு இண்டர்வியூ வந்திருந்தது. அன்னைக்கு மத்தியானம் பஸ் ஏறணும். காலையில பத்து மணிக்கு ஆலைப் பக்கம் சத்தம் கேட்டுச்சு. சிவகாசிக்காரனுக்குச் சத்தத்தக் கேட்டாலே தெரியும் தம்பி, எது சோதனை வெடி, எது சாவுன்னு.

கலவை ரூமுல அண்ணன் மட்டுந்தான் இருந்தான். போர்மேன் கோமதிநாயகம், அவரும் உள்ள இருக்க வேண்டிய ஆளு. வெடிக்கிறதுக்குச் சித்த முன்னால வெளிய போயிட்டாரு. போனத நாலு பேரு பாத்திருக்காக. விசாரணையில கேட்டதுக்கு, தண்ணி குடிக்கப் போனேன்னாரு. அவ்வளவுதான். விட்டுட்டாக. விபத்துன்னு எழுதி மூடிட்டாக.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச மறுநாள், வீட்டுல இருக்க முடியாம ராயப்பன் கடைக்குப் போனேன். ராயப்பன் லெண்டிங் லைப்ரரி வச்சிருந்தாரு. வாடகைக்கு எடுத்துப் படிச்சிட்டுக் குடுக்கணும். அங்கதான் 'சாம்பல் நரி' ஒண்ணாம் பாகம் கெடைச்சது. என் நேரத்தப் பாருங்க. கெஸ்னர்னு ஒரு மெக்கானிக், கப்பல் பட்டறையில. அவன்தான் பின்னால நரி. அவன் அண்ணன் கொதிகலன் வெடிச்சுச் சாகுறான். மேஸ்திரி மோர்ட்டன் சித்த முன்னால வெளிய போயிட்டான். கோர்ட்டு அவன விட்டுருது. எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஊரு தெரியாத ஒருத்தன் எங்க வீட்டுக் கதைய எழுதி, படமும் போட்டு அனுப்பியிருக்கான்.

இந்த எடத்துல ஒண்ணச் சொல்லணும். என் கோவமெல்லாம் அந்த ராயப்பன் மேலதான். பின்னு அடிச்ச புத்தகத்துல மொதத் தாளும் கடைசித் தாளும் ஒரே தாளு, தெரியுமா? விரிச்சுப் போட்டா ஒண்ணா இருக்கும். முன்னால கிழிஞ்சா பின்னாலயும் போயிரும். நாலு கை மாறுனா அந்த வெளித்தாளு தொங்க ஆரம்பிச்சிரும். ராயப்பன் என்ன செய்வாரு, அத உருவி எறிஞ்சிட்டு பழுப்பு அட்டை ஒண்ணப் போட்டு, பசையத் தடவி, கடை முத்திரையக் குத்தி வாடகைக்கு விட்டுருவாரு. கதையில தலையும் கெடையாது, வாலும் கெடையாது. சிவகாசியில பாதிப் பேரு அப்படித்தான் படிச்சோம். அந்த ஒத்தத் தாளு மட்டும் இருந்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது. எய்தவன் இருக்க அம்ப நொந்து என்ன ஆகப்போகுது, சொல்லுங்க.

ஞாயத்துக்கு, அவரு கேட்டாரு. கேக்கலன்னு சொல்ல மாட்டேன். "முடிவு கிழிஞ்சு போச்சுப்பா, நான் வாயால சொல்லட்டுமா?"ன்னு எல்லாருகிட்டயும் கேப்பாரு. வேண்டாம் அண்ணாச்சி, எனக்கே தெரியும்னு சொல்லிட்டு வந்தேன். தெரியத்தானே செய்யும்? நரி வீட்ட எரிக்கப் போறான். மோர்ட்டன் சாகப் போறான். அதுக்கு மேல என்ன இருக்கு?

நீங்க படிச்ச வரைக்கும் சரியா வருதா பாருங்க. மொத உறையில 'எனக்குத் தெரியும்'னு மட்டும் இருக்கும். ரெண்டாவது உறையில 'ஊருக்கும் தெரியும்'. மூணாவது உறை மோர்ட்டனுக்குப் போகாது. அவனுக்கு உசிரா இருக்கிறவுகளுக்குப் போகும். எல்லாமே சாம்பல் நெற உறை. மூணாம் பாகம் வரைக்கும் அதுதான் நரியோட வழக்கம். ரெண்டாம் பாகத்துலேருந்து மூஞ்சியில வேற சாம்பலப் பூசிக்கிட்டுத் திரிவான். எதுக்குப் பூசுறான்னு நாங்க யாரும் யோசிக்கல. எதிராளிய மிரட்டத்தான்னு நெனச்சோம்.

சாம்பல் நெற உறைக்கு நான் எங்க போக? பழுப்பு உறைய வாங்கி அடுப்புச் சாம்பல போட்டுத் தேச்சேன். எழுத்து அடையாளம் தெரியக்கூடாதுன்னு இடது கையால எழுதினேன். மொட்டைக் கடுதாசிதான். ஆனா ஊருல மத்தவன் எழுதுற மாதிரி பொறாமையில எழுதின கடுதாசி இல்ல. உண்மைய எழுதினேன். ஒரு சொல்லு கூட்டி எழுதல. 'எனக்குத் தெரியும், நீ தண்ணி குடிக்கப் போகல.' அவ்வளவுதான். பத்து நாள் கழிச்சு ரெண்டாவது.

ரெண்டாவது போன மூணாம் நாளு, சாயங்காலம், கோமதிநாயகம் எங்க வீட்டு வாசல்ல வந்து நிக்காரு.

எங்கம்மா உள்ள கூப்பிட்டு உக்கார வச்சு மோரு கொண்டாந்து குடுக்கா. மனுசன் பாதியாப் போயிருந்தாரு. அம்மா அடுப்படிக்குப் போனதும் சட்டைப் பையிலருந்து ரெண்டு உறையையும் எடுத்து என் கையில குடுத்தாரு. என் கடுதாசி, என் கையிலேயே.

"தம்பி ஆவுடை, நீ படிக்கிற புள்ள. இந்த எழுத்து யாருதுன்னு பாத்துச் சொல்லு. நான் சண்டைக்குப் போகல. அவன்கிட்ட பேசணும், அவ்வளவுதான்"னாரு.

நான் அத அப்படித் திருப்பி இப்படித் திருப்பிப் பாத்தேன். ஆலைக்காரங்க எழுத்து மாதிரி இருக்கு அண்ணாச்சின்னேன். எப்படி வந்துச்சோ அந்தப் பொய்யி, வழுக்கிக்கிட்டு வந்துச்சு.

அவரு உறைகள வாங்கி மறுபடி பையில வச்சாரு. அப்புறம் மெதுவாச் சொன்னாரு. "நான் தண்ணி குடிக்கப் போகலதான். ஒங்க அண்ணன் ரெண்டு தடவை கலக்க வேண்டிய மருந்த ஒரே தடவையாக் கொட்டிட்டான். ஒன்ன மதுரைக்கு பஸ் ஏத்தி விடணும், சீக்கிரம் முடிக்கணும்னு அவசரம். நான் அவன ஏசிட்டுப் பாதி மருந்தத் தட்டுல அள்ளிக்கிட்டு அடுத்த ஷெட்டுக்குக் கொண்டுபோனேன். வச்சிட்டுத் திரும்புறதுக்குள்ள போச்சு. இத விசாரணையில சொன்னா தப்பு செத்தவன் தலையில விழும். ஒங்கம்மா காதுக்குப் போகும். அதான் தண்ணி குடிக்கப் போனேன்னு சொல்லிட்டேன். எழுதினவன் யாருன்னு தெரிஞ்சா அவன்கிட்ட மட்டும் இதச் சொல்லிருவேன். பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன் தம்பி, பயமா இருக்கு."

இப்ப நீங்களே சொல்லுங்க. அன்னைக்கு ஒரு கதை, இன்னைக்கு ஒரு கதை. நம்புவீகளா? ஒருத்தன் ரெண்டு விதமாச் சொன்னா அதுல ஒண்ணு பொய்யின்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதுலயும் எங்க அண்ணன் மேலயே பழியப் போடுறாரு. அதுக்கும் மேல, என்னைய பஸ் ஏத்தத்தான் அவசரப்பட்டானாம். அப்ப எங்க அண்ணன் சாவுக்கு நான்தான் காரணம், அப்படித்தானே? அந்த ஒரு சொல்லுலதான் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. மோர்ட்டனும் கடைசியில கையெடுத்துக் கும்பிட்டு, நான் வெளிய போனதுக்குக் காரணம் இருக்குன்னு சொல்லுவான். நரி சொல்லுவான், 'பொய் தயாரிக்க உனக்கு மூன்று வாரம் கிடைத்திருக்கிறது.' அதோட ராயப்பனோட அட்டை. எனக்குக் கதை அங்க முடிஞ்சிருச்சு.

மூணாவது உறை கோவில்பட்டிக்குப் போச்சு. மாப்பிள்ளை வீட்டுக்கு.

அப்படிப் பாக்காதீக தம்பி. நான் சொன்னேன்ல, உண்மையத்தான் எழுதினேன். பொண்ணோட தகப்பன் ஒரு கொலைக்குக் காரணமானவன்னு எழுதினேன். எனக்கு அப்ப அதுதான் உண்மை. பத்திரிகை அடிச்சாச்சு, சொந்தத்துக்கெல்லாம் குடுத்தாச்சு, இன்னும் எட்டு நாளுதான். மாப்பிள்ளை வீட்டுல இருந்து ஆளனுப்பி வேண்டாம்னுட்டாக. ஒரு மாசத்துல கோமதிநாயகம் வேலைய விட்டுட்டு, வீட்டக் காலி பண்ணிட்டு, பொண்டாட்டி பிள்ளையக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாரு. எங்க போனாகன்னு யாருக்கும் தெரியல. பொய் சொல்லக்கூடாது, அன்னைக்கு நான் நல்லாச் சாப்பிட்டேன். அண்ணன் செத்த பெறகு மொதத் தடவையா வயிறாரச் சாப்பிட்டேன். எங்கம்மா கூடச் சொன்னா, இப்பத்தான் எம் பிள்ளை முகத்துல தெளிச்சி வந்திருக்குன்னு.

அந்தத் தெளிச்சியோடயே முப்பத்தெட்டு வருசம் இருந்துட்டேன் தம்பி. வேலை, கல்யாணம், ரெண்டு பிள்ளைக, பேரன். ஒரு நாளும் கோமதிநாயகத்த நெனச்சது கெடையாது. நெனச்சாலும் தீயவன் ஒழிஞ்சான்னுதான் நெனப்பேன்.

போன தையில விருதுநகர்ல புத்தகக் கண்காட்சி போட்டிருந்தாக. சும்மா போனேன். அங்க இது இருக்கு, நீங்க வச்சிருக்கீகளே, இதேதான். எடுத்து நேரா ஒண்ணாம் பாகத்தோட கடைசிப் பக்கத்தப் புரட்டினேன். சும்மா ஒரு ஆசைதான். மோர்ட்டன் எப்படிச் செத்தான்னு பாப்போம்னு.

சொல்லட்டுமா? நீங்க இன்னும் படிக்கல. சொல்லிர்றேன், இல்லன்னா நான் சொல்லுறது ஒங்களுக்கு வெளங்காது. நரி மோர்ட்டன வீட்டோட கொளுத்திட்டுப் போயிருவான். மறுநாள் காலையில அந்தச் சாம்பலுக்குள்ள ஒரு தகரப் பெட்டி கெடக்கும். உள்ள மோர்ட்டன் எழுதி வச்ச காகிதம். கொதிகலன் பழுதுன்னு மோர்ட்டன்தான் மொதலாளிக்கு மூணு தடவை எழுதியிருக்கான், அன்னைக்கும் அதுக்குத்தான் வெளிய ஓடியிருக்கான்னு அதுல இருக்கும். நரி அந்த எடத்துலயே மண்டிபோட்டுச் சாம்பல அள்ளி மூஞ்சியில பூசிக்குவான். மிரட்டுறதுக்கு இல்ல தம்பி. கடைசிக் கட்டத்துல ஒரே வரி: 'இனி இதுதான் என் முகம்.' அப்பத்தான் சாம்பல் நரிங்கிற பேரே வருது. அடுத்து வர்ற அத்தனை பாகமும் அந்த ஒரு பக்கத்து மேலதான் நிக்குது. நான் அந்தப் பக்கம் இல்லாமலே மூணு பாகத்தையும் பத்துத் தடவை படிச்சிருக்கேன்.

கடைக்காரப் பொண்ணு, சார் ஒக்காருங்கன்னு ஸ்டூலக் கொண்டாந்து போட்டா. என் மூஞ்சி எப்படி இருந்துச்சோ.

அது கதைதானே, கதை வேற நம்ம விசயம் வேறன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஒரு வாரம் சொன்னேன். அப்புறம் பேச்சியக்காவத் தேடிப் போனேன். அந்தக்கா அடுத்த ஷெட்டுல வேலை பாத்தது. எழுபத்தஞ்சு வயசாச்சு, காது மட்டும் மந்தம். அக்கா, அன்னைக்குக் கோமதிநாயகம் கையில என்ன இருந்துச்சுன்னு கேட்டேன்.

"மருந்துத் தட்டு. கையில வாங்கி வச்சதே நான்தானே. அத எடுத்துட்டு வரலன்னா எங்க ஷெட்டும் போயிருக்கும், பதினோரு பொம்பளைக இருந்தோம்"னுச்சு. அப்புறம் என்னைய ஒரு மாதிரி பாத்து, "இத்தன வருசமா நீ கேக்கவே இல்லையேப்பா"ன்னுச்சு.

கேக்கல. ராயப்பன்கிட்டயும் கேக்கல, பேச்சியக்காகிட்டயும் கேக்கல. கோமதிநாயகம் அண்ணாச்சி வீடு தேடி வந்து சொன்னாரு, அதையும் கேக்கல. என்ன ஜென்மம் தம்பி நான்.

விசாரிச்சதுல திருவேங்கடத்துல இருந்தாகன்னு தெரிஞ்சது. அவரு போயி எட்டு வருசம் ஆச்சாம், அவரு சம்சாரம் அதுக்கும் முன்னாலயே. மக இருக்கா, செண்பகவல்லி. பஸ் ஸ்டாப்புக்கு எதிர்த்தாப்புல தையக்கடை. கல்யாணம் ஆகல. ஏன் ஆகலன்னு, இந்த பஸ்ஸுல வந்த அந்த ஊரு டீக்கடைக்காரர்கிட்ட கேட்டேன். "வந்த எடமெல்லாம் ஏதோ கடுதாசியச் சொல்லித் தட்டிப் போச்சாம். அதுக்கப்புறம் அவுகளே வேண்டாம்னுட்டாகளாம்"னாரு. எந்தக் கடுதாசின்னு நான் கேக்கல.

மாப்பிள்ளை வீட்டுக்கு எழுதினதுல ஒரு வரிய ஒங்ககிட்ட சொல்லாம விட்டுட்டேன். உண்மையத்தான் எழுதினேன், ஒரு சொல்லு கூட்டலன்னு சொன்னேன்ல? தகப்பனப் பத்தி எழுதினது போதாதுன்னு தோணிச்சு. தகப்பன் கொலைகாரன்னாலும் பொண்ணு நல்லவளா இருந்தா கட்டிக்கிடுவாகளே. அதனால அந்தப் பிள்ளையப் பத்தியும் ஒரு வரி சேத்தேன். என்ன வரின்னு கேக்காதீக. அத நான் வாயால சொல்ல மாட்டேன். அந்தப் பிள்ளை மூஞ்சியக் கூட அப்ப நான் சரியாப் பாத்தது கெடையாது. ஊருல யாரு எழுதுற மொட்டைக் கடுதாசியும் அந்த வரியிலதான் வேலை செய்யும். எனக்குத் தெரிஞ்சேதான் எழுதினேன். அத நரி எழுதல, நான்தான் எழுதினேன்.

இன்னைக்குச் சொல்லிரணும்னுதான் வந்திருக்கேன். மூஞ்சிக்கு நேர நின்னு, நான்தான் அய்யாத்துரை தம்பி ஆவுடை, அந்த மூணையும் எழுதினவன் நான், ஒங்கப்பா மேல தப்பே இல்ல, ஒன்னப் பத்தி எழுதினது பச்சப் பொய்யின்னு சொல்லணும். அந்தம்மா என்ன செய்யட்டும், துப்பட்டும், கத்திரியத் தூக்கி எறியட்டும். அந்தப் பிள்ளை தன் மேல என்ன கறைன்னு தெரியாமலே ஐம்பத்தெட்டு வயசு வரைக்கும் வந்திருக்கு. யாரு செஞ்சான்னாவது தெரிஞ்சுக்கிட்டுப் போகணும்ல.

அந்தா, ஊரு வந்திருச்சு. எறங்குங்க, எறங்குங்க, பையப் பாத்து எடுத்துக்கோங்க. அந்தப் பச்சைப் போர்டு தெரியுதா? மிஷின்ல குனிஞ்சு உக்காந்திருக்கிறது அவுகதான். தலை நல்லா நரைச்சிருச்சு.

கண்டக்டர் என்னத்தையோ சொல்லுறாரேன்னு பாக்குறீகளா? காதுல போட்டுக்கிடாதீக. "என்ன அண்ணாச்சி, இன்னைக்காவது எறங்குறீகளா, இல்ல வழக்கம்போல சங்கரன்கோயிலுக்குச் சீட்டுப் போட்டுரவா?"ன்னு கேக்காரு. நக்கலு. மாசிலேருந்து இது அஞ்சாவது தடவை தம்பி. ஒவ்வொரு தடவையும் இந்த ஜன்னல் வழியாப் பாப்பேன், காலு எந்திரிக்காது.

தம்பி, நில்லுங்க. நீங்க எப்படியும் எறங்குறீக. எனக்கு ஒரு ஒத்தாசை செய்யுங்க. இந்தக் கடுதாசிய அவுக கையில குடுத்துட்டுப் போயிருங்க. வெள்ளை உறைதான், பயப்படாதீக. எல்லாம் எழுதிட்டேன். தட்டு, பேச்சியக்கா, மூணு உறை, அந்த வரி பொய்யின்னு, எதையும் விடல. வலது கையாலதான் எழுதினேன். யாரு குடுத்தான்னு கேட்டா பஸ்ஸுல ஒரு பெரியவருன்னு சொல்லுங்க, போதும்.

பிரிச்சுப் பாருங்க, ஒட்டல. என்ன தேடுறீக? பேரா? பேரு எதுக்கு தம்பி, விசயந்தானே முக்கியம். விசயம் போய்ச் சேந்தாச் சரி.

பேனாவ ஏன் நீட்டுறீக? கண்டக்டர் விசில் ஊதப் போறாரு. அந்தம்மா வேற நிமிந்து பஸ்ஸப் பாக்குது. போடலாம் தம்பி, எனக்கென்ன, பேரத்தானே, போட்டாப் போச்சு. குடுங்க இப்படி. ஆனா நீங்களே பாருங்க, எழுத எடம் எங்க இருக்கு? அடி வரைக்கும் எழுதிட்டேனே.